முடித்தலுக்கு நாற்பது சாட்சி

"தாய்வீடு இல்லாத சொல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அதன் வீட்டு வாசலில் நிறுத்தி, மணியும் அடித்துவிட்டு வருகிறேன். 'மூலம் தெரியவில்லை' என்று நான் என்றைக்காவது ஒரு சீட்டில் எழுதினால், இந்த மூன்றாவது மாடியிலிருந்து என்னைக் கீழே தள்ளிவிடலாம். இப்போதே அனுமதி தருகிறேன்."

அகராதி அலுவலகத்தில் கணக்கர் ஒருவருக்கு நடந்த பிரிவுபசாரத் தேநீரின்போது வேரய்யா நாற்காலியில் ஏறி நின்று செய்த முழக்கம் இது. வீட்டிலும் தெருவிலும் எல்லோரையும்போல் பேசுகிறவர்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால் எழுத்துத் தமிழ் வந்துவிடும். ஓய்வுபெற்றுப்போகிற கணக்கரைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை, போகும்போது கணக்கர்தாம் கவனித்துச் சொன்னார்.

வேரய்யா என்பது முகத்துக்கு நேரான பெயர். முதுகுக்குப் பின்னால் வேர்க்கடலை. மண்ணைத் தோண்டி எதையாவது வெளியே இழுத்து, உரித்து, ஊதி ஊதித் தின்பவர் என்று காரணம் சொன்னார்கள். காரணப்பெயர் என்பதால் அவரே மறுக்க முடியவில்லை.

அகராதி அலுவலகம் இருந்த கட்டடத்தில் தரைத்தளத்தில் டயர் கடை, முதல் மாடியில் வட்டார வங்கி, இரண்டாம் மாடியில் பல் மருத்துவர். பல்லைப் பிடுங்குவது இரண்டாம் மாடி, சொல்லைப் பிடுங்குவது மூன்றாம் மாடி. கன்னம் வீங்கியவர்கள் மாடி தவறி மேலே ஏறி வருவதுண்டு. அவர்களையும் வேரய்யா சும்மா விடமாட்டார். "வலி எப்படி இருக்கு? 'குத்துது'ம்பீங்களா, 'தெறிக்குது'ம்பீங்களா?" என்று கேட்டு, ஒரு சீட்டு எழுதிக்கொண்டுதான் கீழே அனுப்புவார்.

சீட்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை. மேலே சொல், அதன் கீழே அதைப் பயன்படுத்திய வாக்கியம், யார் சொன்னது, எந்தத் தேதி, கடைசியில் எழுதியவரின் சுருக்கொப்பம். இருபத்தாறு வருடத்தில் அப்படி அறுபதாயிரம் சீட்டுக்குமேல் எழுதியிருந்தார். சொற்களின் மூலக் குறிப்பு முழுக்க அவர் பொறுப்பு. இத்தனை இருந்தும், வெளிவந்த மூன்று தொகுதிகளின் முன்னுரையிலும் அவர் பெயர் இல்லை. முதல் தொகுதியில் அச்சுப்பிழையால் விடுபட்டது. இரண்டாவதில் பக்கம் நிறைந்துவிட்டது. மூன்றாவதில் காகிதம் கொடுத்த கடைக்காரருக்கும் மின்விசிறி பழுதுபார்த்தவருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறிவிட்டு, 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தார்கள். தாம் அதில் 'மற்றும்' பக்கம் இருக்கிறோமா, 'பலர்' பக்கம் இருக்கிறோமா என்று அவர் ஒரு மாதம் யோசித்தார்.

நான்காம் தொகுதி 'மு'வில் வந்து நின்றபோதுதான் 'முடித்தல்' அவர் மேசைக்கு வந்தது. சாதாரணச் சொல். தெருவில் தினமும் புழங்குவது. "மூத்த பொண்ண எங்க முடிச்சிருக்கீங்க?" என்பார் ஒருவர். "வெளியூர்லதான் முடிச்சோம். மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை" என்பார் இன்னொருவர். நம் மொழியைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்த வெளியூர்க்காரன் இதை ஒட்டுக்கேட்டால் நேரே காவல் நிலையத்துக்கு ஓடுவான். நமக்கு மட்டும்தான் அது கல்யாணம் என்று தெரியும்.

ஏன் தெரியும் என்பதுதான் வேரய்யாவின் கேள்வி. கல்யாணத்துக்கு ஏன் 'முடிப்பது'? அந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டு போனால் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒரு வழியில் வேலையை முடிப்பது, கதையை முடிப்பது, முடிவு. இன்னொரு வழியில் கூந்தலை முடிப்பது, காசை முந்தானையில் முடிவது, முடிச்சு. முதல் வீட்டில் எல்லாம் தீர்ந்துபோகிறது, இரண்டாம் வீட்டில் எல்லாம் சேர்த்துக் கட்டப்படுகிறது. கல்யாணம் எந்த வீட்டுப் பிள்ளை? பழைய ஏடுகளைப் புரட்டினார். இரண்டு வீட்டாரும் அங்கே அக்கம்பக்கமாகவே குடியிருந்தார்கள். நடுவில் சுவர்கூட இல்லை.

தலைமைப் பதிப்பாசிரியை அவருடைய அறைக்கே வந்தார். எந்த வாக்குவாதத்தையும் ஒரே சொல்லில் நிறுத்திவிடுவார் என்பதால் முற்றுப்புள்ளியம்மா என்று அவருக்குப் பெயர். "வேரய்யா, ஜனங்க இந்தத் தொகுதியில முதல்ல புரட்டிப் பாக்கப்போற சொல்லு இதுதான். மூலக் குறிப்பு கச்சிதமா வந்துச்சுன்னா முன்னுரையில உங்களப் பத்தியே ஒரு பத்தி எழுதிடறேன். பேரோட."

வேரய்யா அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கே எழவில்லை, ஏடுகளை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

ஏட்டில் வழக்குத் தீராவிட்டால் வாய்மொழிக்குப் போக வேண்டும் என்பது அலுவலக விதி. நாற்பது பேரிடம் கேட்டு நாற்பது சீட்டு. அதற்குக் குறைந்தால் செல்லாது. வேரய்யா நாலே நாளில் நாற்பதையும் பிடித்தார். சலூன் நாற்காலியில் முகத்தில் நுரையோடு ஆறு பேர். வங்கி வரிசையில் ஒன்பது பேர். பூங்காவில் காலையில் கை வீசி நடக்கிறவர்களோடு தாமும் கை வீசி நடந்து பதினோரு பேர். மிச்சத்தை டயர் கடை வாசலில்.

"முடிச்சாச்சுன்னா பாரம் இறங்கிருச்சுன்னு அர்த்தம் சார்" என்றார் நுரைக்குள்ளிருந்து ஒருவர்.

"கடமை தீர்ந்துச்சு. அப்பாடான்னு கால நீட்டலாம்" என்றார் வங்கி வரிசைக்காரர்.

"ஃபைல க்ளோஸ் பண்ணியாச்சு" என்றார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கை வீசுவதை நிறுத்தாமலே.

நாற்பது பேரும் ஒரே குரலில் பேசினார்கள். இருபத்தாறு வருடத்தில் எந்தச் சொல்லுக்கும் சாட்சிகள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. இதில் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவர் வேரய்யா. அவருக்கோ தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை குறிப்பை எழுதி முடித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் அட்டையையும் நாற்பது சீட்டையும் எடுத்துக்கொண்டு தங்கையிடம் படித்துக்காட்டப் போனார்.

தங்கைக்குக் காயிலக்கா என்று பெயர். இரண்டு தெரு தள்ளி மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுச் செம்புக்கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி அடுக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷில் நனைத்துக் காயவைத்து ஓட்டிக் கொடுப்பாள். ஊரில் பாதித் தண்ணீர் அவள் கட்டிய காயிலால்தான் மாடி ஏறுகிறது. வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "என்னை முடிக்க வந்தவங்க எல்லாரையும் நான் முடிச்சு அனுப்பிட்டேன்" என்பாள். அண்ணன் மட்டும் அவளை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"கேளு பாப்பா. 'முடித்தல்: மணம் செய்துவைத்தல். பெற்றோர்தம் கடமையாகிய வளர்ப்பு முற்றுப்பெறுதலின், முடிவு என்னும் பொருளடியாகப் பிறந்தது.' எப்படி?"

காயிலக்கா பம்பு ஒன்றின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒரு சந்தேகம். அப்போ நான் என்ன, பாதியில நிக்கிற வேலையா?"

"உன்னச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாங்கிறது எந்த ஊர்ல இருக்கு? நம்ம தெருவுலதானே இருக்கு? சித்தப்பா வருஷத்துக்கு நாலு தரம் வந்து, 'இவள இன்னும் முடிக்கலையா'ங்கறாரு. போகட்டும், சித்தப்பாதானேன்னு ஒரு காபியக் குடுத்து வாயடைச்சுடறேன். நாளைக்கு நீ புஸ்தகத்துல போட்டுட்டா? அகராதிக்கு எத்தனை காபி குடுக்கிறது?"

"இது என் கருத்தில்ல பாப்பா. நாப்பது சாட்சி இருக்கு."

"குடு அத."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பம்பை ஒருபக்கம் நகர்த்தி, சீட்டுகளை மேசைமேல் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினாள். கம்பிகளைத் தடிமன்வாரியாகப் பிரிக்கிற அதே வேகம். சொன்னவர் யார் என்ற வரியை மட்டும் உரக்கப் படித்தாள். "அப்பா. அப்பா. தாய்மாமா. அப்பா. தரகர். பெரியப்பா. அப்பா. மண்டப மேனேஜர். அப்பா..."

படித்து முடிந்தபோது ஒரு பெரிய குவியலும் ஒரு சின்னக் குவியலும் இருந்தன. "முப்பத்தாறு அப்பா, மாமா. மூணு தரகர். ஒரு மண்டபக்காரர். எல்லாரும் முடிச்சு வெச்சவங்க. முடிச்சுக்கிட்டவங்க எங்க?"

வேரய்யா பெரிய குவியலைக் கலைத்துத் தேடினார்.

"ஏண்ணா, மோட்டார் எப்படி ஓடுதுன்னு எழுதணும்னா, வித்த கடைக்காரன மட்டும் கேட்டுட்டு எழுதுவியா? அவன் வித்ததோட முடிஞ்சுதும்பான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ராத்திரியும் பகலும் அந்தச் சத்தத்தோட இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்ட?"

"பேச நேரம் குடுத்தவங்க அவங்கதான்."

"சலூன்ல உக்காந்து கேட்டா சலூன்ல பொம்பளையா வருவா?"

வேரய்யாவுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. அச்சகத்துக்குப் பக்கங்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் போகின்றன என்பதையும், விதியில் நாற்பது சாட்சி என்றுதான் இருக்கிறதே தவிர எந்த நாற்பது என்று இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, சீட்டுகளை வாரிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரைக்கும் கோபம் தாங்கியது. அதற்குள் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்துவிட்டது. அவருக்கு அது ஒரு வியாதி. கேட்டால் என்னதான் சொல்வார்கள்?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஆரம்பித்தார். இருபத்துமூன்று வருடத்தில் அவர் அந்த அம்மாளிடம் ஒரு சொல்லுக்கும் சாட்சி கேட்டதில்லை. வீட்டுச் சாட்சி ஒருதலைப்பட்சம் என்பது அவருடைய கொள்கை.

"உன்ன எனக்கு முடிச்சாங்களே, அப்போ உனக்கு என்ன முடிஞ்சுது?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தூக்கம்."

"வெளையாடாத. சீட்டுல எழுதணும்."

"அதத்தான் எழுதச் சொல்றேன். நீங்க விடுற கொறட்டைக்கு வேற என்ன முடியும்?" என்றவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "முடிஞ்சுதுன்னு ஒண்ணும் தோணலைங்க. உங்க வீட்டுக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னுகூட அன்னிக்கு எனக்குத் தெரியாது. ஒரு வாரம் இடிச்சுக்கிட்டேன். எல்லாம் அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது. ஏன், உங்களுக்கு முடிஞ்சுதா?"

வேரய்யா சீட்டெழுதும் சாக்கில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சலூன் பக்கமே தலைவைக்காமல் ஊரைச் சுற்றினார். துணி துவைக்கும் கடையில் இஸ்திரி போடுகிற பெண், "ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிட்டாங்க சார். அவரு இழுத்தா நான் போறேன், நான் இழுத்தா அவரு மொறைக்கிறாரு" என்றாள். கல்யாணமாகி ஆறு மாதமான வங்கிக் காசாளன், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கட்டுத்தான் சார். ஆனா கேட்டா நான் சொல்லலைன்னுடுவேன்" என்றான். பல் மருத்துவரின் உதவியாளர் பெண்மணியையும் கேட்டார். தனி வீடு ஒன்றில் தனியாக இருந்தவர், நாற்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்டவர். "அவர் வீட்டுச் சாவியும் என் வீட்டுச் சாவியும் ஒரே வளையத்துல வந்துச்சு. அதுதான் எனக்கு அந்த வார்த்தை. ரெண்டு வீடும் அப்படியேதான் இருக்கு. எது முடிஞ்சுதுன்னு கேட்டா, சொல்லத் தெரியல."

வேரய்யா அந்தச் சீட்டை இரண்டு தரம் எழுதினார். முதல் தரம் அவர் சொன்னதைத் திருத்தி எழுதிவிட்டார்.

பழக்கடைக்காரி அவரை விரட்டினாள். "வீட்டுக்காரர் இல்லாத நேரத்துல வந்து, கல்யாணத்துல என்ன முடிஞ்சுதுன்னா கேக்குற? முடிச்சவுக்கிப் பய!" வேரய்யா ஓடினார். இரண்டு கடை தள்ளி நின்று, மூச்சு வாங்க, அந்தச் சொல்லுக்கும் ஒரு சீட்டு எழுதினார். அதுவும் 'மு'தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டாவது நாற்பது நிறைந்தது. சாப்பாட்டு மேசையில் பரப்பி எண்ணினார். கட்டு என்றவர்கள் பதினான்கு பேர். ஆரம்பம் என்றவர்கள் பதினொருவர். அந்த மூன்றாவது வீடு எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை. இறுதி என்றவர்கள் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் சொல்லும்போது அழுதார்கள். போய் வேலையைப் பார் என்றவர்கள் ஆறு பேர். அவர்களுடைய சீட்டில் வேரய்யா நேர்மையாக அதையே எழுதியிருந்தார்.

வெகுநேரம் அடுக்கிப் பார்த்தார். முதல் நாற்பதையும் இரண்டாவது நாற்பதையும் கூட்டினால் இறுதிக்கு நாற்பத்தொன்பது. அமோக வெற்றி. ஆனால் கூட்டலாமா? அந்த நாற்பது பேரும் ஒரே வாசலில் நின்றுகொண்டு வீட்டைப் பார்த்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரியும். கட்டு என்று மாற்றிவிடலாமா? பதினான்கு போதாது. தவிரவும், ஜனங்களுக்கு இன்று அந்தச் சொல் எப்படிக் காதில் விழுகிறது என்பது ஒன்று. அது எங்கே பிறந்தது என்பது வேறு. இருபத்தாறு வருடம் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரே. பிள்ளையைப் பார்த்து நாற்பது பேர் 'அப்பா ஜாடை' என்பதால் பிறந்த மருத்துவமனை எது என்று தெரிந்துவிடுமா?

"இன்னும் எண்ணலையா?" என்றார் மனைவி.

"எண்ணிட்டேன்."

"எத்தனை?"

"எண்பது."

"அப்புறம் என்ன, வந்து சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு முற்றுப்புள்ளியம்மா தட்டச்சு செய்த தாளோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "முன்னுரை ரெடி. கேளுங்க. 'முடித்தல் என்னும் சொல்லின் மூலத்தை ஐயம் திரிபறக் கண்டு நிறுவிய பெருமை...'" அடுத்து வேரய்யாவின் முழுப்பெயர் வந்தது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து விடுபடவில்லை. புள்ளிகூடச் சரியான இடத்தில் இருந்தது.

வேரய்யா அந்தத் தாளை வாங்கித் தம் பெயரை ஒருமுறை வாசித்தார். பிறகு இரண்டாவது நாற்பதை மேசைமேல் வைத்தார்.

முற்றுப்புள்ளியம்மா நாலைந்து சீட்டைப் புரட்டினார். "இத யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேன்."

"நாப்பது போதும்னு விதி. நாப்பது இருக்கு. இதுல பாதி சாட்சி ஒண்ணோடொண்ணு சண்டை போடுது. ஒரு சாட்சி கொறட்டையப் பத்திப் பேசுது. எடுத்து உள்ள வைங்க. இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் இருக்கு."

"முதல் நாப்பது ஒரே பக்கத்துல கேட்டதும்மா."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். காயில் கட்டுற கடையில ஒரு ஆளுக்கும் தெரியும்."

"வேரய்யா, பன்னெண்டு மணிக்கு அச்சக வண்டி வருது. மூலக் குறிப்பு இல்லன்னா இந்தப் பத்தியும் இல்ல. ஒண்ணும் கண்டுபிடிக்காதவரப் பத்தி ஒரு பத்தி எழுத முடியாது, புரியுதா? மறுபடி மத்தவங்களோட சேத்துத்தான் போடணும்." குரல் கடைசியில் கொஞ்சம் தணிந்தது. "யோசிச்சுக்குங்க. முற்றுப்புள்ளி நான் வைக்கல. நீங்களே வைங்க."

அவர் போனபிறகு வேரய்யா நாற்காலியில் ஏறி நிற்கவில்லை. கேட்பாரும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் 'முட்டுக்கட்டை'யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கீழ்மாடியில் யாருக்கோ பல் பிடுங்கினார்கள், சத்தம் கேட்டது. முன்னுரைத் தாளை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மடிப்பு விழாமல் அதை முற்றுப்புள்ளியம்மாவின் மேசைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

அட்டையை எடுத்து, 'பெற்றோர்தம் கடமையாகிய' என்று தொடங்கி 'பிறந்தது' வரைக்கும் ஒரே கோடாக அடித்தார். பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டுக்குக் கீழே இரண்டே சொல் எழுதினார்: மூலம் தெரியவில்லை. சுருக்கொப்பத்தை எப்போதும் கோழி கிளறியதுபோல்தான் போடுவார். அன்று மட்டும், யார் எழுதியது என்று யாருக்கும் சந்தேகம் வராதபடி, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு, அச்சக வண்டிக்குப் போகிற கட்டின்மேல் அட்டையை வைத்தார்.